நாய்ப்பல் பூவும் என் விளக்குமாறும்

ஃப்ராவ் ஹென்னிங் ஊன்றுகோலுடன் படியேறி வந்தபோது நான் அவருடைய தோட்டத்தின் நடுவில் ஈர்க்கு விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் மாதத்து வெயில். முதல்நாள் பெய்த மழையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து, றேஹா சிகிச்சை நிலையத்தில் மூன்று கிழமை நடை பழகிவிட்டு, அன்றுதான் அவர் முதல்தடவையாகத் தோட்டத்துக்கு வருகிறார். பக்கத்துத் தோட்டக்காரன் என்ற முறையில், அந்த நாட்களில் தோட்டத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம்தான் திறப்பைத் தந்துவிட்டுப் போயிருந்தார்.

கொஞ்சம் பார்த்துக்கொள்வது என்பது என் அகராதியில் இல்லை. ஆஸ்பத்திரியால் ஆள் வருவதற்கு முன் வீடு வாசலைக் கூட்டிப் பெருக்கி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். விடியவே போய், அப்பிள் மரத்தின் கீழ் கிடந்த சருகையெல்லாம் அள்ளினேன். களை பிடுங்கினேன். மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, கடைசியில் வரிவரியாகக் கோடு விழும்படி விளக்குமாற்றால் ஓர் இழுப்பும் இழுத்தேன். கோவில் வீதி தோற்றுப்போகும்.

ஃப்ராவ் ஹென்னிங் அந்த வெறும் மண்ணை நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்" என்றார். அவர் பேசும் ஜேர்மன் இலக்கணம் பிசகாதது. ஆகவே தமிழிலும் அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இந்த இடத்தில் புல்லைப்போல மெல்லியதாக ஏதாவது நின்றதா?"

"நின்றது. ஒன்றையும் விடவில்லை" என்றேன் பெருமையாக.

"நான்கு மூலையிலும் குச்சிகள் குத்தியிருந்தேன்."

இறைச்சி வாட்டும் குச்சிகள். யாரோ சாப்பிட்டுவிட்டுப் போட்ட குப்பை என்று அவற்றையும் எறிந்திருந்தேன். அதையும் சொன்னேன்.

அவர் மர வாங்கில் மெல்ல உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். "அது புல் இல்லை" என்றார்.

பல்லோடு ஒரு வாழ்க்கை

என்னைப்பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால், இந்த ஆள் ஏன் இப்படி என்று புதிதாகப் படிப்பவர்களுக்கு விளங்காது. ஜேர்மனியில் வுப்பர்டால் நகரத்தில் பல் கட்டுவதுதான் என் தொழில். பல் வைத்தியர் அல்ல. வைத்தியர் அனுப்பும் அச்சை வைத்து, ஆய்வுகூடத்தில் குந்தியிருந்து பொய்ப்பல் செய்பவன். அகதியாக வந்து, பாத்திரம் கழுவி, பிறகு முப்பது வயதில் பொடியன்களோடு பொடியனாக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு மயிரிழை கூடினாலும் ஆள் கடிக்கும்போது துள்ளுவார். அதனால் எதையும் சுரண்டி, தேய்த்து, மினுக்கி வைப்பது எனக்கு வியாதியாகிவிட்டது. வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினால் பொலிஷ் போகும்வரை துடைப்பேன் என்பது மனைவி சாந்தியின் முறைப்பாடு.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு தோட்டமும் கிடைத்தது விதி. வுப்பர்டால் மேடும் பள்ளமுமான ஊர். தோட்டச் சங்கம் எங்களுக்கு வாடகைக்குத் தந்த நிலத்துண்டுகள் எல்லாம் ஒரு சரிவில், படிக்கட்டு வைத்த மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் துண்டில் போஞ்சி, தக்காளி, கண்ணாடிக் கூண்டுக்குள் மிளகாய். பக்கத்துத் துண்டு ஃப்ராவ் ஹென்னிங்குடையது. ஃப்ராவ் என்றால் திருமதி. அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துபோய்க் கனகாலம்.

லுகானோ மலையில்

தலைப்பில் சொன்ன அந்தப் பூ பக்கத்துத் தோட்டத்தில் இருப்பது எட்டு வருடமாக எனக்குத் தெரியாது. காரணம் எளிது. குளிர் விடுமட்டும் நாங்கள் தோட்டப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. மே மாதத்தில்தான் மண்வெட்டியும் கையுமாக இறங்குவோம். இந்தப் பூவோ மார்ச் கடைசியில் வந்து, ஏப்ரலில் முடிந்து, மே முடிவதற்குள் இலையும் வாடி, இருந்த இடம் தெரியாமல் மண்ணுக்குள் போய்விடும்.

அதை நான் முதலில் கண்டது சுவிற்சர்லாந்தில். சாந்தியின் தம்பி சிவா லுகானோவில் இருக்கிறான். அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். ஆட்டிறைச்சியும் புட்டும் ரோல்ஸும் என்று முதல்நாள் ஒரே கொண்டாட்டம். மறுநாள் காலையில் சிவா வந்து எழுப்பினான்.

"அத்தான், எழும்புங்கோ. உதிலை ஒரு மலை இருக்கு. ஏறி இறங்கினாத்தான் நேற்றுச் சாப்பிட்டது செமிக்கும்."

"எனக்கு ஏலாது, நீ போட்டு வா" என்றேன். கேட்கவில்லை.

கால் மணித்தியாலம் ஏறியதும் கஸ்டானியன் என்கிற செஸ்நட் மரக்காடு. மரங்களில் இன்னும் ஓர் இலைகூடத் துளிர்க்கவில்லை. கீழே காய்ந்த சருகு மட்டும். அந்தச் சருகைக் கிழித்துக்கொண்டு சரிவு முழுக்க ஊதாப் பூ. ஒரு சாண் உயரத்துக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றும் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதழ்கள் ஆறும் பின்னால் மேல்நோக்கி மடங்கியிருந்தன, தலைமயிரை இழுத்துவாரி உச்சியில் கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைபோல. சாம்பல் பச்சை இலையில் யாரோ தேத்தண்ணி சிந்திய மாதிரிக் கபில நிறப் பொட்டுகள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பூவைப் பார்த்து வாயடைத்து நிற்கிற ஆள் இல்லை நான். அன்று நின்றேன்.

சாந்தி குனிந்தாள். "ஒண்டு பிடுங்கினா என்ன, சாமிப்படத்துக்கு வைக்கலாம்."

"பிடுங்காதை. அறிவிப்புப் பலகையிலை பூப் பிடுங்கிற கையைக் கீறிக் குறுக்கை கோடு போட்டிருக்கிறாங்கள், தெரியேல்லையே?" என்று பெரிய நீதிபதிபோல அதட்டினேன்.

"நான் கேட்டனான், அவ்வளவுதான். கேக்கிறதுக்கும் தடையோ?"

பூவின் பெயரைச் சிவா கைத்தொலைபேசியில் தேடி எடுத்தான். ஜேர்மன் மொழியில் நாய்ப்பல். கிழங்கு வெள்ளையாக, நீளமாக, நாயின் கோரைப்பல்போல இருக்குமாம். ஆயுள் முழுக்கப் பல்லோடு மாரடிப்பவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும். திரும்பி வந்த மறுநாளே, மார்ச் குளிரில், ஜேர்மனியில் இது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஃப்ராவ் ஹென்னிங்கிடம் போனேன். அவர் என்னை அப்பிள் மரத்தின் கீழ் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். ஐம்பது அறுபது பூக்கள். எட்டு வருடமாக எங்கள் வேலிக்கு இரண்டு முழம் தள்ளி.

அதன்பிறகு நானும் மார்ச் மாதத்தில் தோட்டத்துக்குப் போகிறவனானேன். குளிர்ச் சட்டைக்குள் புதைந்து, சூடான தேநீர்ப் போத்தலோடு.

தாய்க்கும் மகளுக்கும் ஒரு பேச்சு

ஃப்ராவ் ஹென்னிங்கிடம் இரண்டு நிறம் இருந்தது. ஒன்று ஊதா. மற்றது வெள்ளை. இரண்டையும் கிழங்கு பிரித்துத்தான் பெருக்கி வந்தார். விதையிலிருந்து வளர்ப்பது பெரிய பொறுமைக்காரர்களின் வேலை. முதல் வருடம் நூல்போல ஓர் இலை வரும். இரண்டாம் வருடமும் அதைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரே ஓர் இலைதான். பூக்க ஐந்து வருடமாகும், ஆறும் ஆகும்.

எழுபத்தாறு வயதில் அவர் விதை போட்டார். தேனீ எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போனதோ தெரியாது, என்ன நிறம் வரும் என்று பார்க்க வேண்டும் என்றார். ஏன் இத்தனை நாளும் போடவில்லை என்று கேட்டேன். இத்தனை நாளும் அவசரமாக இருந்தேன் என்று பதில் வந்தது.

இரண்டு வருடம் கழித்து இடுப்பு எலும்பு மக்கர் பண்ணியது. மகள் உல்ரிக்கே கொலோனிலிருந்து ஓடிவந்தார். நல்ல பெண். தாயின் உடல்நிலைபற்றிய பயம்தான் அவருக்கு. இந்தச் சரிவும் படியும் இனிமேல் வேண்டாம், தோட்டத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். தாய் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு இறங்கினார். விதையில் வந்த நாற்றுகள் பூக்கும்வரை பொறு, பூத்ததும் நானே சங்கத்துக்கு விலகல் கடிதம் எழுதுகிறேன். மகளும் சம்மதித்தார். எத்தனை வருடம் செல்லும் என்று மகள் கேட்கவில்லை. தாயும் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நாற்று எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. பூவையும் பொட்டுப்போட்ட இலையையும் கண்டால் கண்மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன். அவை நின்ற இடத்தில் ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. நாற்று நின்றது தனியாக, மரத்தின் மறுபக்கத்தில். அந்தப் புல்லைத்தான் ஒன்றும் விடாமல் பிடுங்கினேன்.

திங்கட்கிழமைக் கடிதம்

வாங்கில் உட்கார்ந்தபடி அவர் இதை விளக்கி முடித்தபோது எனக்குக் கையிலிருந்த விளக்குமாற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுவும் ஒருவகையில் நல்லதுதான்" என்றார். "இனிக் காத்திருக்க ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை கடிதத்தை எழுதிவிடுகிறேன். உல்ரிக்கேக்கு நிம்மதி."

நாற்பது வருடமாக அவர் வந்துபோகும் தோட்டம். என் ஒரு காலை வேலையால் அது போகப்போகிறது.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். அவள் மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனிசி திறப்பைத் தந்தது தண்ணி ஊத்தத்தானே. உங்களை ஆர் கூட்டச் சொன்னது?"

"சுத்தமா இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

"பல்லுக் கட்டுற மனிசன் பல்லைப் பிடுங்கிப்போட்டு வந்து நிக்கிறார்." சொல்லிவிட்டு அவளுக்கே மனம் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி, பிடுங்கேக்கை கிழங்கும் வந்ததே?"

நான் யோசித்தேன். கிழங்கு எதையும் கண்ட ஞாபகம் இல்லை. இழுத்ததும் இலை மட்டும் படக்கென்று கையோடு வந்தது.

"அப்ப கிழங்கு உள்ளுக்கை கிடக்கும். வெங்காயத்தின்ரை தாளை இழுத்துப் பாருங்கோ, தாள்தான் அறும். போய்ப் பாத்திட்டுக் கவலைப்படுங்கோ."

ஐந்து வருடம் பூப் புத்தகம் புரட்டிய எனக்கு இது தோன்றவில்லை.

குப்புறப் படுத்து

அடுத்தநாள் ஞாயிறு. ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துவந்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மெழுகு சுரண்டும் சின்னக் கத்தியும் பீங்கான் பூசும் தூரிகையுமாகத் தோட்டத்துக்குப் போனேன். ஃப்ராவ் ஹென்னிங்கையும் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தேன். வந்து பழையபடி வாங்கில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தேன். முதல்நாள் நானே இழுத்த கோடுகள் மூக்குக்கு நேரே தெரிந்தன. கத்தி முனையால் ஒரு பொட்டு மண், தூரிகையால் ஒரு தட்டு. திரும்ப ஒரு பொட்டு. பாதையில் நாயோடு போன ஒருவர் நின்று, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். ஒரு விரல் ஆழத்தில் அறுந்த நூல்போல ஒரு தண்டின் நுனி. அதைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். தூரிகையின் இரண்டு மயிரால் மண்ணை ஒதுக்கினேன். வெள்ளையாக, ஒரு பச்சரிசி மணியளவில், ஒரு முனை கூராக ஒரு பல். அடியில் இரண்டு வேர். ஆயிரக்கணக்கில் பல் செய்திருக்கிறேன். ஒரு பல்லைக் கண்டு அழுதது அன்று மட்டும்தான், சொல்ல வெட்கமில்லை.

கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். வாங்கிலிருந்தே குனிந்து பார்த்தார்.

"உயிர் இருக்கிறதா?"

"வேர் நன்றாக இருக்கிறது. கிழங்கு உறுதியாக இருக்கிறது."

"இந்த வருடம் அதற்கு இலை இல்லை. பட்டினிதான்" என்றார். "அடுத்த வசந்தத்தில் எழும்புமா என்று தெரியாது."

"தெரிந்துகொள்ள நீங்கள் இங்கே இருக்க வேண்டும்" என்றேன். "ஒரு வசந்தம் மட்டும் பொறுங்கள். படியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்."

"மூடுங்கள்" என்றார். "காற்றுப் படப்போகிறது."

திங்கட்கிழமை கடிதம் எழுதப்படவில்லை.

சருகைப் பார்த்துக்கொண்டிருத்தல்

அந்தக் கோடையில் படிக்கட்டு முழுவதற்கும் இரும்புக் கைப்பிடி போட்டேன். உல்ரிக்கே வந்து அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு நன்றி சொன்னார். என் விளக்குமாறு பக்கத்துத் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்று தடை வந்தது. போட்டவள் சாந்தி. இலையுதிர்காலத்தில் அப்பிள் மரம் சருகு கொட்டியது. மண் அதைப் போர்த்திக்கொண்டு கிடக்க வேண்டுமாம். எனக்குக் கை அரித்தது. தொடவில்லை.

அடுத்த பெப்ரவரியில் வேலை முடிந்ததும் நாளுக்கொரு தடவை போய்ப் பார்த்தேன்.

"எனக்கெண்டாலும் நீங்கள் இப்பிடி ஒருநாளும் காத்துக்கொண்டு நிண்டதில்லை" என்றாள் சாந்தி.

"நீ உடனை ஓம் எண்டிட்டாய். பேந்து என்னத்துக்குக் காத்திருக்கிறது?"

மார்ச் நடுவில் ஒரு பின்னேரம், சருகை விலக்கிக்கொண்டு ஒரு நூல் நின்றது. மறுநாள் மூன்று. மாத முடிவில் பதினொன்று. முன்பு முப்பதுக்கு மேல் நின்றதாம். ஃப்ராவ் ஹென்னிங் ஊன்றுகோலால் ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணினார். மீதி இருபதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அது முள்.

அதற்கடுத்த வருடம் இலை விரல் அகலம். அதற்கடுத்த வருடம் முதல்முதலாகப் பொட்டு விழுந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் உல்ரிக்கே படலைக்கு வெளியே நின்றே கேட்பார், பூத்துவிட்டதா? இல்லை என்போம். அது உண்மையாகவும் இருந்தது.

போன வசந்தம்

இனிச் சொல்வதைத் தமிழில் எழுதுகிறேன் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். உல்ரிக்கேக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்த யாரும் கொலோனுக்குத் தொலைபேசி எடுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு சனிக்கிழமை. காலையில் மூடியிருந்த வானம் பதினொரு மணிக்குத் திறந்தது. நாய்ப்பல் பூ வெயில் பட்டால்தான் இதழை மடிக்கும், வெயில் போனால் சாத்திக்கொள்ளும். அந்த நாற்றுகளில் முதல்முதலாக வந்திருந்த இரண்டு மொட்டும் எங்கள் கண்முன்னாலேயே மெல்லப் பிரிந்து பின்னால் மடங்கின. ஊதாவும் இல்லை, வெள்ளையும் இல்லை. பாலில் ஒரு துளி நாவற்பழச் சாறு விட்ட நிறம்.

பூ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் படுக்க வேண்டும். எண்பது வயது தாண்டி, இந்த இடுப்போடு, அவரால் படுக்க ஏலாது. நான் சட்டைப் பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னப் பல்லுக் கண்ணாடியை எடுத்து, பூவுக்குக் கீழே சரித்துப் பிடித்தேன். அவர் முக்காலியில் இருந்தபடி குனிந்தார். நடுவில் ஒரு மஞ்சள் வளையம். அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் சின்னச் சின்னக் கீறல்.

"இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை" என்றார். கண்ணாடியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொன்னார். பிறகு வலப்பக்கம்.

அப்போது கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "அம்மா, மேலேயா இருக்கிறீர்கள்?"

ஃப்ராவ் ஹென்னிங் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கை மீறாதவர், இலக்கணம் பிசகாதவர். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்தில் என் தண்ணீர் வாளி வெறுமையாகக் கிடந்தது. எடுத்து, தண்டில் படாமல், இரண்டு பூவுக்கும் மேலே கவிழ்த்தேன்.

உல்ரிக்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்தார். தாயைக் கட்டிக்கொண்டார். வழக்கமான கேள்வி வந்தது. "என்ன, பூத்துவிட்டதா?"

"இல்லை" என்றேன். "இன்னும் இரண்டு மூன்று வருடம் செல்லும். அன்றைக்கு நான் பிடுங்கியதால் வந்த தாமதம். என் பிழை."

உல்ரிக்கே என்னைப் பார்த்த பார்வையில் பல வருடத்துக் கோபம் இருந்தது. ஃப்ராவ் ஹென்னிங் மகளின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அவரோடு கோபிக்காதே" என்றார். "போய்க் கோப்பிக்குத் தண்ணீர் வை."

மகள் தோட்டக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மேற்கே ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது.

"வாளியை எடுங்கள்" என்றார் ஃப்ராவ் ஹென்னிங். "வெயில் போகப்போகிறது."